பிரசிடெண்ட் குளிக்கும் நேரம்

முதல்லயே சொல்லிருதேன், என்மேல தப்பில்ல. அந்த ரெண்டு வாக்கி டாக்கியையும் அட்டையில எழுதிப் போட்டுத்தான் வித்தேன்: 'டெஸ்ட் பண்ணாதது, திருப்பி எடுக்கப்படாது'. கடம்போடைப்பட்டியில எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச அத்தனை பேரும் அதை வாசிச்சாங்க, பிரசிடெண்ட் பூலோகபாண்டியும் வாசிச்சாரு, வாசிச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிக்கவும் செஞ்சாரு. பொறவு ஊரே மூணு மாசம் வாயடைச்சுக் கெடந்ததுக்கு ஆக்கர் கடை கொம்பையாதான் காரணம்னு சொன்னா, பழைய இரும்பு விக்கிறவன் எவனும் நாட்டுல பொழைக்க முடியாது.

தூத்துக்குடியில ஏலம் எடுத்த மூட்டைக்குள்ள அந்த ரெண்டும் கெடந்துச்சு. செங்கல் கனம், தலையில ரப்பர் கொம்பு, பக்கவாட்டுல அமுக்குற பட்டன், முதுகுப்பக்கம் பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்திருந்துச்சு. எந்தக் கப்பல்ல எந்த ஊர்க்காரன் என்னத்தப் பேசினானோ, எனக்குத் தெரியாது. துடைச்சு வாசல் பெஞ்சுல வச்சேன். மறுநாளே பிரசிடெண்ட் வந்துட்டாரு. போன மாசம் ஏதோ விழாவுல ஒரு போலீஸ் அதிகாரி இடுப்புல இதைச் சொருகிட்டு நின்னதைப் பாத்ததுல இருந்து அவருக்கு இடுப்பு வெறிச்சுன்னு இருந்திருக்கு.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீராவே?"

"பண்ணல தலைவரே."

"ஏன் பண்ணல?"

"பண்ணி ஓடிச்சுன்னா வெலை நாலு மடங்கு, உங்களுக்குக் கட்டாது. பண்ணி ஓடலன்னா கிலோக் கணக்கு, எனக்குக் கட்டாது. பண்ணாம இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை."

அவருக்கு அது பிடிச்சுப் போச்சு. வாங்கின கையோட புது பேட்டரி போட்டு, ஒரு செட்டைத் தன் மச்சினன் சுயம்பு கையில கொடுத்துக் கடைக்கு எதுத்தாப்புல இருக்கிற கொளத்தங்கரைக்கு அனுப்பினாரு. சுயம்பு அவரு பொண்டாட்டிக்குத் தம்பி. ஆளு நல்லவன், ஆனா சொன்னதைச் செய்வானே தவிர சொல்லாததை யோசிக்க மாட்டான், அவனுக்கு அந்தச் சிரமத்தை அத்தான் கொடுத்ததும் இல்ல. அவன் கரை ஏறி நின்னதும் பிரசிடெண்ட் பட்டனை அமுக்கி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ, சுயம்பு கேக்கா?"ன்னாரு. நான் அந்நேரம் "கொம்பைக் கொஞ்சம் நிமி..."ன்னு சொல்லிட்டிருந்தேன். மிச்சம் வரல.

வலி ஒண்ணும் கெடையாது. தொண்டை அடைக்கல, நாக்கு புரண்டுச்சு, உதடு அசைஞ்சுச்சு, சத்தம் மட்டும் இல்ல, கரண்டு போன மைக் செட்டு மாதிரி. அந்தப் பட்டனை அமுக்கின நிமிஷத்துல கடம்போடைப்பட்டி எல்லைக்குள்ள இருந்த ஆயிரத்திச் சொச்சம் பேருக்கும் அதேதான். அடிபைப்புல ரெண்டு பொம்பளைங்க சண்டை பாதி வசவுல நின்னுச்சு, பஸ் கண்டக்டருக்கு 'ரைட்' வரல, பள்ளிக்கூடத்துல ஏழாம் வாய்ப்பாடு நாப்பத்தொம்பதோட நின்னுபோச்சு, மேய்ச்சக்காட்டுல பேச்சியம்மா தன் வெள்ளாட்டைக் கூப்பிட்ட 'பா... பா...' பாதியில அறுந்து, இருபத்தேழு ஆடும் தலையைத் தூக்கி அவ மூஞ்சியவே பாத்துச்சு.

பிரசிடெண்ட் பட்டனை விட்டாரு. அப்பவும் எங்க யாருக்கும் சத்தம் வரல. கரையில சுயம்பு "கேக்கு அத்தான், கேக்கு அத்தான்"னு வாயை அசைச்சுக் கும்பிட்டுக்கிட்டே நிக்கான். இவரு மறுபடி அமுக்குதாரு, விடுதாரு, செட்டைத் தட்டுதாரு, ஊதுதாரு. பத்து நிமிஷம் என்னைய ஏசினாரு, செத்த சாமானைத் தலையில கட்டிட்டியான்னு கேட்டாரு. நான் கையால பதில் சொல்லுதேன். கடைசியில கோவம் தலைக்கேறி, "ஏல கொம்பையா, வாயைத் தொறந்து பதில் சொல்லாம கையை ஆட்டுத, இது ரொம்ப ஓவர்ல!"ன்னு கத்தினாரு.

அவ்வளவுதான். செட்டுல இருந்து "கேக்கு அத்தான்", என் வாயில இருந்து "...த்துங்க", அடிபைப்புல இருந்து வசவோட மிச்சப் பாதி, பஸ்ஸுல இருந்து "ரைட்", எல்லாம் ஒண்ணா வந்து விழுந்துச்சு. 'ஓவர்'ங்கிற வார்த்தையில இருக்கு சூட்சுமம்னு அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிரசிடெண்ட் நாலு தடவை அமுக்கிப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டாரு. அவரு செட்டுல பட்டனை அமுக்கிப் பேசினா ஊருக்கு வாய் கிடையாது, அவரா 'ஓவர்'னு சொன்னாத்தான் மறுபடி கிடைக்கும். சுயம்பு கையில இருந்தது வெறும் செட்டு, கேக்கும், பேசும், வேற ஒண்ணும் பண்ணாது.

வேற ஊரா இருந்தா என்ன செஞ்சிருப்பாங்களோ, எனக்குத் தெரியாது. எங்க ஊரு முதல் வாரம் சுக்குக் கசாயம் குடிச்சுச்சு. ரெண்டாவது வாரம் அம்மன் கோயிலுக்கு வெள்ளியில நாக்கு செஞ்சு போட்டுச்சு. மூணாவது வாரம் பழகிருச்சு. நாலாவது வாரம் அதுல பெருமைப்பட ஆரம்பிச்சுச்சு. பக்கத்து ஊர்க்காரன் சைக்கிள்ல வந்து எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் நின்னு, உள்ள ஒரு காலை வச்சுப் பாப்பான், பேச்சு போகும், காலை எடுப்பான், பேச்சு வரும். எங்க ஆளுங்க அவனுக்கு மோர் கொடுத்து, இந்த மாதிரி வசதி உங்க ஊர்ல உண்டான்னு கேப்பாங்க. வெளியூர்ல இருந்து போன் பண்ற பிள்ளைங்க 'ஹலோ ஹலோ'ன்னு கதறி, ஆத்தா போய்ச் சேந்துட்டான்னு அழுது, பொறவு அதுகளுக்கும் பழகிருச்சு.

பிரசிடெண்ட் பெரிய விஷயத்துக்கு ஒண்ணும் பட்டனை அமுக்கல. சுயம்பு, காப்பி கொண்டா. சுயம்பு, செருப்பு எங்க. சுயம்பு, இன்னைக்கு என்ன கொழம்பு. ஆனா 'ஓவர்' சொல்ல மறந்துருவாரு, மனுஷன் வயசானவருலா, மறந்துட்டு மத்தியானம் தூங்கப் போயிருவாரு, நாங்க நாலு மணி வரைக்கும் கையைக் காலை ஆட்டிக்கிட்டு அலைவோம். தச்சாசாரி மகன் கல்யாணத்துல மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோய்ட்டான், 'கெட்டிமேளம்' சொல்ல வேண்டிய ஐயருக்கு வாய் நின்னுபோச்சு, அவரு சொல்லாம மேளக்காரன் அடிக்க மாட்டான், மேளம் அடிக்காம மாப்பிள்ளை முடிச்சுப் போட மாட்டான், பதினோரு நிமிஷம் கல்யாணப் பொண்ணு தலையைக் குனிஞ்சபடியே இருந்துச்சு. அங்க பிரசிடெண்ட் வீட்டுல கருவாட்டுக் கொழம்பா கத்திரிக்காயாங்கிற பேச்சு முடியல.

அவரு மறக்காம 'ஓவர்' சொல்லிச் செட்டை இடுப்புல இருந்து எறக்குற ஒரே நேரம் குளிக்கிற நேரம்தான். தண்ணி பட்டா கெட்டுரும்னு பயம். காலையில ஆறேகால்ல இருந்து ஆறரை வரைக்கும். அதனால கடம்போடைப்பட்டியில பேச வேண்டியது எல்லாம் அந்தக் கால்மணிக்குள்ள வந்து அடைஞ்சுக்கிட்டுச்சு. பொண்ணு பாக்கிறது, பங்காளிச் சண்டை, டீச்சர் பாடம் நடத்துறது, புருஷன் பொண்டாட்டி விவகாரம், எல்லாம் ஆறேகாலுக்கு மேல. ஜோசியரு பஞ்சாங்கத்துல ராகுகாலத்துக்குக் கீழ 'பி.கு.நே.'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாரு, பிரசிடெண்ட் குளிக்கும் நேரம்னு அர்த்தம். அவருக்கு எண்ணெய்க் குளியல்னா அரைமணி நேரம் கிடைக்கும்னு, சனிக்கிழமை தவறாம நல்லெண்ணெய் வாங்கிக் கொடுக்க ஊர்ல ஒரு சங்கமே வச்சாங்க. அந்தச் செட்டைத் தூக்கிக் கெணத்துல போடுவோம்னு யோசிக்கல, எண்ணெய் வாங்கிக் கொடுத்தாங்க. என் ஊரு அப்படி.

ஆம்பளைங்க எல்லாரும் சேந்து முதல்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்போ பொம்பளைங்க மட்டும் அவ்வளவாக் கலங்கல. பேச்சியம்மா கிட்டக் கேட்டேன். "ஒருத்தரு பேச மத்தவங்க வாயைப் பொத்திக்கிட்டு இருக்கிறதுல எங்களுக்குப் புதுசா என்ன இருக்கு அண்ணாச்சி? உங்களுக்குத்தான் புதுசு"ன்னுட்டு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டா.

பேச்சியம்மா புருஷன் இல்லாதவ. அந்த இருபத்தேழு வெள்ளாடுதான் அவ சொத்து, அதுலதான் அவ மவ திருநெல்வேலியில நர்ஸுக்குப் படிக்குது, ரெண்டாம் வருஷம். ஆடு மேயிறது ஊருக்குத் தெக்க இருக்கிற மேய்ச்சப் புறம்போக்கு, பதினாலு ஏக்கர். அதுல பாறை இருக்குன்னு மோப்பம் பிடிச்சு ஒரு கிரஷர் கம்பெனிக்காரன் வந்து சேந்தான். கல்லை ஒடைச்சு மணலாக்கப் போறானாம். கிராம சபையில தீர்மானம் போட்டுக் கொடுத்தாப் போதும்னான். எப்பவும் போல வீட்டு வாசல்லயே நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டுப் பொறவு மேல எழுதிக்கிடலாம்னு பிரசிடெண்ட் சொன்னதுக்கு, கம்பெனிக்காரன் முடியாதுன்னு தலையை ஆட்டிட்டான். நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுக்குப் போவான், அதனால வீடியோ வேணும், கூட்டத்துல ஒருத்தரும் மறுப்பு சொல்லாத மாதிரி முழுசா, சத்தத்தோட வேணும்னான்.

"ஒருத்தரும் மறுப்பு சொல்லாத மாதிரியா?"ன்னு பிரசிடெண்ட் இடுப்பைத் தடவிக்கிட்டே கேட்டாராம். சிரிச்சாராம்.

விஷயம் தெரிஞ்சு மறுநாள் காலையில ஆறேகாலுக்குப் பேச்சியம்மா என் கடை வாசல்ல நின்னா. மூச்சு வாங்குது, கால்மணிக்குள்ள பேசி முடிக்கணும்லா.

"அண்ணாச்சி, நீங்கதான வித்தீங்க, நீங்களே திருப்பி வாங்கிக்கிடுங்க. ஏதாச்சும் சொல்லி வாங்குங்க. புது செட்டு தாரேன்னு சொல்லுங்க. அந்த இடம் போச்சுன்னா நான் ஆட்டை விக்கணும், ஆட்டை வித்தா எம்பிள்ளை படிப்பு நிக்கும். நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

"வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்ல தாயி, அட்டையிலயே எழுதியிருக்கு"ன்னேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி."

என் கடை பஞ்சாயத்து இடத்துல இருக்கு. வருஷா வருஷம் பிரசிடெண்ட் கையெழுத்துப் போட்டாத்தான் கடை. இதை அவ கிட்டச் சொல்லல, அவளுக்குத் தெரியாமலும் இருக்காது. "கூட்டத்துல வந்து சொல்லு, நாங்கெல்லாம் இருக்கோம்லா"ன்னு சொல்லிவிட்டேன். எவ்வளவு லேசாச் சொன்னேன்னு நெனச்சா இப்பவும் எனக்கே என்மேல ஆத்திரமா வருது.

கிராம சபை அன்னைக்குப் பள்ளிக்கூட மைதானத்துல பந்தல். மேடையில பிரசிடெண்ட், பக்கத்துல பஞ்சாயத்துச் செயலர் ஆதிலிங்கம் தீர்மான நோட்டோட, முன்வரிசையில சுயம்பு, மூலையில கம்பெனிக்காரன் கூட்டி வந்த வீடியோக்காரன். முப்பது வருஷமா ஆதிலிங்கத்துக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான்: யாராவது ஒண்ணு சொன்னா முன்மொழிந்தவர்னு எழுதணும், அடுத்தாப்புல 'வழிமொழிபவர் யார்?'னு கேக்கணும், யாராவது 'வழிமொழிகிறேன்'னா அந்தப் பேரை எழுதி அடிக்கோடு போடணும். தலையைத் தூக்கிப் பாக்கிற பழக்கம் அவருக்குக் கெடையாது. சுயம்புவுக்கு அந்த ஒரு வார்த்தையை மூணு நாளா வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்காங்க. "வழிமொழிபவர் யார்னு கேட்ட ஒடனே எந்திரிச்சுச் சொல்லணும், வேற ஒரு எழுத்து பேசப்படாது"ன்னு அக்காகாரி சோறு போடும்போதெல்லாம் கேட்டுப் பாத்திருக்கா.

கேமரா ஓட ஆரம்பிச்சதும் பிரசிடெண்ட் பட்டனை அமுக்கினாரு. ஊரு நின்னுச்சு. அவரே தீர்மானத்தை வாசிச்சாரு, மேய்ச்சல் புறம்போக்கு சர்வே நம்பரு, நாலெல்லை, ஊர் முன்னேற்றம், வேலைவாய்ப்பு, எல்லாம். பேச்சியம்மா முன்னால எந்திரிச்சு நின்னு வாயை அசைக்கா, கழுத்து நரம்பு பொடைக்குது, சத்தம் இல்ல. வீடியோவுல பாத்தா ஏதோ பொம்பளை பாட்டுக்கு வாயசைக்கிற மாதிரி இருக்கும். "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்"னாரு பிரசிடெண்ட், அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா மடக்கினாரு. "யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சந்தோஷம். நானே முன்மொழிகிறேன்"னு சொல்லிட்டு சுயம்புவைப் பாத்துத் தலையை ஆட்டினாரு.

அங்கதான் சிக்கிக்கிட்டாரு. 'வழிமொழிபவர் யார்?'னு கேக்க வேண்டிய ஆதிலிங்கத்துக்கும் வாய் இல்ல, அவரு கேக்காம சுயம்பு எந்திரிக்க மாட்டான், எந்திரிச்சாலும் அவனுக்கும் வாய் இல்ல. தானே முன்மொழிஞ்சு தானே வழிமொழியச் சட்டத்துல எடம் கெடையாது. ஊரு வாயை அடைச்சவருக்கு ஊர்ல இருந்து ஒரே ஒரு 'சரி' வேணும், அந்தச் 'சரி'யும் அடைச்ச வாய்க்குள்ளதான் கெடக்கு. பூலோகபாண்டி ஒரு நிமிஷம் மேல பந்தலைப் பாத்தாரு. கீழ எங்களைப் பாத்தாரு. நாங்க மூணு மாசமா எப்படி இருந்தோமோ அப்படியே இருந்தோம், அதுல அவருக்குத் தைரியம் வந்திருக்கணும். சிரிச்ச மூஞ்சியோட, மெதுவா, "ஓவர்"னாரு.

வாய் வந்துருச்சு. எல்லாருக்கும் வந்துருச்சு. நாக்குக்கு அடியில அந்தச் சூடு வந்து உக்காந்தது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. எண்ணூத்துப் பேரு இருந்த பந்தல்ல ஒரு இருமல் கூட இல்ல.

"எனக்குச் சம்மதமில்ல. அது ஆடு மேயிற இடம். குடுக்கக் கூடாது."

பேச்சியம்மாதான். சத்தம் போடல, கடையில சாமான் கேக்கிற குரல்தான். ஆதிலிங்கம் தலையைத் தூக்காம எழுதினாரு, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு: "மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்கக் கூடாது... முன்மொழிந்தவர், பேச்சியம்மாள்." எழுதிட்டுக் கேட்டாரு, "வழிமொழிபவர் யார்?"

பேச்சியம்மா திரும்பினா. பந்தல் பூராவும் பாத்தா. கடைசியா என்னையப் பாத்தா. நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன், எனக்கும் அவளுக்கும் நடுவுல நாலு முழம் இருக்காது. பிரசிடெண்டும் என்னையத்தான் பாக்காரு. நான் வாயைத் தொறந்தேன்.

"வழிமொழிகிறேன்!"

சுயம்பு எந்திரிச்சு நிக்கான், நெஞ்சை நிமித்திக்கிட்டு. கேட்ட கேள்விக்குச் சொல்லிக் கொடுத்த பதிலு. ஒரு எழுத்து கூடல, ஒரு எழுத்து குறையல. ஆதிலிங்கம் பேரை எழுதி அடிக்கோடு போட்டாரு.

பிரசிடெண்டுக்கு அது புரிய மூணு நொடி ஆச்சு. புரிஞ்சதும் பழக்கதோஷத்துல பட்டனை அமுக்கிட்டாரு. "அட கூறுகெட்ட மூதி! கம்பெனிக்காரன் எனக்குக் காரு வாங்கித் தாரேன்னான், உனக்கு லாரி வாங்கித் தாரேன்னான், எல்லாத்தையும் ஒரே வார்த்தையில தொலைச்சிட்டியலே!"ன்னு அவரு கத்த, கேமரா ஓடிக்கிட்டே இருக்குன்னு சொல்ல ஆதிலிங்கம் வாயைத் தொறக்காரு, சத்தம் வரல. கம்பெனிக்காரன் கையெடுத்துக் கும்பிடுதான், சத்தம் வரல. காரு என்ன நெறம்ங்கிறது வரைக்கும் பிரசிடெண்ட் சொல்லி முடிச்சுட்டுத்தான் செட்டைச் சுயம்பு மேல வீசினாரு, அவன் குனிஞ்சுக்கிட்டான், அது கொடிக்கம்பத்துக் கல்லுல பட்டு நாலாச் செதறிச்சு. ஊருக்கு வாய் ஒரேயடியா வந்துச்சு. எவன் அனுப்பினானோ, அன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த வீடியோ திருநெல்வேலி வரைக்கும் போயிருச்சு, கம்பெனிக்காரன் வேற ஊரு பாறையைத் தேடிப் போயிட்டான்.

இப்போ ஊர்ல ஒருத்தனைப் பிடிச்சு நிறுத்த முடியல. டீக்கடையில எல்லாவனும் சொல்லுதான், "நானும் எந்திரிச்சேன் மக்கா, மிஷினு இன்னும் விடல, சத்தம் வரல." ஜோசியரு சொல்லுதாரு, ஓவர்னு சொன்ன பொறவும் அரை நாழிகை அதோட தாக்கம் இருக்கும்னு. டீச்சர் அதுக்கு விஞ்ஞானக் காரணம் வச்சிருக்காரு. எண்ணூத்துப் பேருக்கும் அந்தப் பத்து நொடி மிஷின் வேலை செஞ்சுச்சுன்னு ஊரே ஒரு மனசா முடிவு பண்ணிருச்சு, எங்க ஊரு ஒரு மனசா முடிவு பண்ணின காரியம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

போன வாரம் பேச்சியம்மா கடைக்கு வந்தா. ஆட்டுப்பட்டிக்கு ஒரு பழைய இரும்புக் கதவு வேணும்னா. நல்லதா ஒண்ணு பாத்து எடுத்து வச்சேன். மவ மூணாம் வருஷம் போயிருச்சுன்னு சொன்னா. கதவைக் கயித்துல கட்டிக்கிட்டே நானும் சொன்னேன், அவ கேக்காமலேயே சொன்னேன்: "அன்னைக்கு நானும் வாயைத் தொறந்தேன் பேச்சி, பாத்திருப்பியே. அந்த எளவு மிஷினு, சத்தம் வரவிடல."

அவ கதவோட ஒரு பக்கத்தைத் தூக்கித் தலைச்சும்மாடு மேல வச்சு, கனம் சாயாம நிக்குதான்னு நெரவிப் பாத்துக்கிட்டா. கோவம் ஒண்ணும் இல்ல. நெசமாவே தெரிஞ்சுக்கிடணும்னு கேக்கிற மாதிரிதான் கேட்டா.

"அப்போ எனக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி வந்துச்சு?"

கடையில அவளையும் என்னையும் தவிர ஆளு இல்ல. நான் வாயைத் தொறந்தேன். சத்தம் வரல.